எடை ஏத்தி இறுக்கணும்

சிவப்பிரகாசம்: டார்ச்ச இப்டி காட்டும்மா... இப்டி. எம்மூஞ்சில அடிச்சா வண்டிக்கு அடில கீற போல்ட்டு எப்டி தெரியும்?

காவ்யா: உங்க மூஞ்சியும் போல்ட்டும் ஒரே கலர்ல இருக்குது மாமா. நான் எதுன்னு பாக்கறது?

சிவப்பிரகாசம்: மாமனார்கிட்ட மருமவ பேசற பேச்சா இது? ஆங்... அங்கயே புடி. ஆடாத.

காவ்யா: வருதா?

சிவப்பிரகாசம்: வருது, வருது... வந்துச்சி! இந்தா, சக்கரத்த புடிச்சிகினு கீற இந்த ஆர்ம புடி... வேணா, வேணா! நீ புடிக்காத. நானே கீழ வெச்சிக்கறேன்.

காவ்யா: இத தூக்க மாட்டேனா? கல்யாணத்துக்கு முன்ன செய்யார் கம்பெனில இத விட பெரிய பெட்டியெல்லாம் தூக்கியிருக்கேன்.

சிவப்பிரகாசம்: கிரீஸு ஒட்டிக்கும். நீ ஸ்டூல்ல உக்காந்து டார்ச்சு புடிச்சா போதும்.

காவ்யா: காலைல இருந்து இதே கதை. சக்கரத்த உருட்டினா வேணாம். ஜாக்கி சுத்தினா வேணாம். அப்ப நான் எதுக்கு இங்க?

சிவப்பிரகாசம்: பேச்சுத் தொணைக்கு. இன்னிக்கி கரண்ட் இல்ல, தறியும் ஓடல. தெருவே ஊமையா கீது. தனியா கெடந்தா எனக்கு போரடிக்கும்.

காவ்யா: இதான் அந்த புஷ்ஷா? இம்மாத்துண்டா?

சிவப்பிரகாசம்: இம்மாத்துண்டு தான். ரப்பரு எப்டி கிழிஞ்சி தொங்குது பாரு. வண்டி பள்ளத்துல வுழுந்தா அடி மொத்தம் இது மேல தான். அந்த இரும்பு இந்த இரும்ப இடிச்சிக்காம நடுவுல கெடந்து வாங்கிக்கும். உங்க அத்தைக்கும் உம்புருசனுக்கும் சண்ட வந்தா நடுவுல நான் கெடக்கறேன் பாரு... அந்த மாதிரி.

காவ்யா: இத அத்தகிட்ட சொல்லட்டுமா?

சிவப்பிரகாசம்: சொல்லு. அப்பறம் ராத்திரி சோத்துக்கு நாம ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு தான் போவணும்.

காவ்யா: மாமா, விக்கப்போற வண்டிக்கு எதுக்கு புது புஷ்ஷு? வாங்கறவரு மாத்திக்க மாட்டாரா?

சிவப்பிரகாசம்: ஒருத்தருக்கு குடுக்கறோம்னா ஒழுங்கா குடுக்கணும். தேசூர்காரரு. நாளைக்கி வர்றேன்னாரு.

காவ்யா: யாரு அவரு?

சிவப்பிரகாசம்: ராஜேஷு... ராஜேஷ்னு ஒருத்தரு. அந்த பைப்பு துண்ட எடு. அது லேசு தான், எடு.

காவ்யா: இந்தாங்க... ஒரு நிமிசம் மாமா.

சிவப்பிரகாசம்: இன்னாம்மா? எங்க போற?

காவ்யா: ஒண்ணுமில்ல. கிரீஸ் வாட... ஒரு மாதிரி இருக்குது.

சிவப்பிரகாசம்: கேட்டாண்ட போயி நில்லு. காத்து வரும். மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல.

அபிதகுசாம்பாள்: எங்க ஓடறா இவ? இந்தாங்க, டீ. கைய தொடச்சிகினு குடிங்க.

காவ்யா: எனக்கு வேணாம் அத்த.

அபிதகுசாம்பாள்: இன்னாடி இது, கொஞ்ச நாளா டீய கண்டாலே மூஞ்ச திருப்பிக்கற?

சிவப்பிரகாசம்: இங்க குடு, ரெண்டையும் நானே குடிக்கறேன். டீ குடிச்சா கறுத்துடுவாங்கன்னு போன்ல எவனோ சொன்னானாம். நம்பிகினு கீறா.

அபிதகுசாம்பாள்: அந்த போன தூக்கி கெணத்துல போடணும். சரி, இது எப்ப முடியும்? நாளைக்கி அந்தாளு வந்து நிக்கப் போறாரு.

சிவப்பிரகாசம்: முடிஞ்சிடும். சடையப்பன் ஒண்ணும் காலங்காத்தால வர மாட்டாரு.

அபிதகுசாம்பாள்: எவனோ ஒருத்தன், வந்து எடுத்துகினு போவட்டும். இது இந்த வாசல வுட்டு தொலைஞ்சா தான் எனக்கு கோலம் போடவே கை வரும். ஒரு வருசமா தார்ப்பாய போட்டு மூடி வெச்சிகினு... பொணத்த மூடினா மாதிரி.

சிவப்பிரகாசம்: அபிதா.

அபிதகுசாம்பாள்: இன்னா அபிதா? நாலு மாசம் வயித்துல இருந்துச்சி கொழந்த. செக்கப்புக்கு வேலூர் போற புள்ளத்தாச்சிய கண்ணமங்கலம் தாண்டி அந்த பள்ளத்துல இது தூக்கி போட்டுச்சே... நான் உங்கள சொல்லல. இந்த இரும்ப சொல்றேன்.

சிவப்பிரகாசம்: போதும்டி. உள்ள போ.

அபிதகுசாம்பாள்: போறேன். நீ அழுவாத காவ்யா. நீ இன்னா பண்ணுவ பாவம்? மூஞ்ச கழுவிகினு வா, கொழம்பு எறக்கிட்டேன். சாப்புடலாம்.

சிவப்பிரகாசம்: ...போயிட்டாளா?

காவ்யா: ம்.

சிவப்பிரகாசம்: அவ பேச்ச காதுல வாங்காத. அந்த சோப்பு தண்ணிய இப்டி தள்ளு. புது புஷ்ஷுக்கு தடவுனா வழுக்கிகினு உள்ள போவும்.

காவ்யா: மாமா.

சிவப்பிரகாசம்: சொல்லு.

காவ்யா: நெஜமாவே வண்டிய குடுத்துடப் போறீங்களா?

சிவப்பிரகாசம்: சொன்னேனே, ஆளு வர்றாருன்னு.

காவ்யா: ராஜேஷா, சடையப்பனா?

சிவப்பிரகாசம்: ...ராஜேஷோட அப்பா சடையப்பன். ரெண்டு பேரும் வர்றாங்க. உனக்கு இன்னா இப்ப?

காவ்யா: கல்யாணம் ஆகி நான் இந்த தெருவுக்கு வந்ததே இதுல தான். கார்த்திக தீபத்துக்கு எல்லாரையும் அடைச்சிகினு திருவண்ணாமலை போவீங்க, வழியெல்லாம் அத்த திட்டிகினே வருவாங்க. தறிய விட இத தான் நீங்க அதிகமா தொடப்பீங்க.

சிவப்பிரகாசம்: வண்டி தானே... போனா போவுது.

காவ்யா: குடுக்காதீங்க மாமா.

சிவப்பிரகாசம்: ஏம்மா பேஜார் பண்ற? வேலை நடக்கட்டும். இந்த நட்ட புடி... சுத்தறேன் பாரு, அப்டியே உள்ள இழுக்குது. ஜோரா போவுது!

காவ்யா: மாமா, நான் ஒண்ணு சொல்லணும். நீங்க என்ன திட்டினாலும் பரவால்ல.

சிவப்பிரகாசம்: உன்ன என்னிக்கிம்மா திட்டியிருக்கேன்?

காவ்யா: அன்னிக்கி... அது வண்டியால இல்ல மாமா. டாக்டரம்மா சொன்னாங்க, அதுக்கு முன்னயே...

சிவப்பிரகாசம்: அட, கரண்ட் வந்துடுச்சி! பாரு, அத்தினி வூட்லயும் ஒரே நேரத்துல தறிய போட்டுட்டானுங்க. இன்னா சொன்ன? கேக்கல!

காவ்யா: ...ஒண்ணுமில்ல.

சிவப்பிரகாசம்: ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு கலங்குது? கிட்ட வந்து சொல்லு. இந்த சத்தத்துல உள்ள இருக்கறவளுக்கு ஒரு வார்த்தை கேக்காது.

காவ்யா: வண்டி ஒண்ணும் பண்ணல மாமா! பள்ளமும் இல்ல, உங்க புஷ்ஷும் இல்ல. நாம கெளம்பறதுக்கு ரொம்ப முன்னயே கொழந்தைக்கு துடிப்பு நின்னு போச்சின்னாங்க. வளர்ச்சியே சரியில்லியாம். நாம நடந்து போயிருந்தாலும் அதே தான்னு சொன்னாங்க. வூட்டுக்கு வந்தோமே, நான் வண்டிய வுட்டு எறங்கறதுக்குள்ள நீங்க உள்ள போயி அத்தகிட்ட, என்னால தான் ஆச்சி, பள்ளம் பாக்காம வுட்டுட்டேன்னு சொல்லிட்டீங்க. அத்த வெளிய ஓடியாந்து என்ன கட்டி புடிச்சிகினு அழுதாங்க. அப்டி அவங்க என்ன புடிச்சதே இல்ல. நான் உண்மைய சொன்னா அந்த கைய எடுத்துடுவாங்களோன்னு... சொல்லல மாமா. பழி வண்டி மேல இருந்தா எம்மேல வராதுன்னு வுட்டுட்டேன்.

சிவப்பிரகாசம்: அந்த துணிய குடு.

காவ்யா: காதுல வாங்கினீங்களா?

சிவப்பிரகாசம்: வாங்கினேன். மொத தடவையே கேட்டுது. இன்னா சொல்றதுன்னு தெரியாம தறி சத்தம் மேல பழிய போட்டுட்டேன்.

காவ்யா: ஒரு வருசம் மாமா. அத்த ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் நீங்க தலைய குனிஞ்சிகினு போவீங்க. எனக்கு சோறு எறங்காது. இப்ப வண்டியும் போவப் போவுது...

சிவப்பிரகாசம்: காவ்யா, இங்க பாரு.

காவ்யா: பாக்க மாட்டேன்.

சிவப்பிரகாசம்: எனக்கு தெரியும்மா.

காவ்யா: என்ன தெரியும்?

சிவப்பிரகாசம்: நீ இப்ப சொன்னது எல்லாம். ஆஸ்பத்திரில நீ உள்ள துணி மாத்திகினு இருந்த. டாக்டரம்மா என்ன கூப்ட்டு உக்கார வெச்சி சொன்னாங்க. அந்த பொண்ணு மேல எந்த தப்பும் இல்ல, வூட்ல யாரும் ஒண்ணும் சொல்லாம பாத்துக்கங்கன்னாங்க.

காவ்யா: அன்னிக்கே தெரியுமா? அப்ப... தெரிஞ்சேவா அத்தகிட்ட அப்டி சொன்னீங்க?

சிவப்பிரகாசம்: உங்க அத்த கெட்டவ இல்ல. ஆனா அவளுக்கு துக்கம்னு வந்துட்டா எங்கயாச்சும் எறக்கி வெக்கணும். எங்கம்மா செத்தப்ப டாக்டர திட்டுனா, மருந்துக்கடைக்காரன திட்டுனா, எம்மேல பாத்திரத்த வுட்டெறிஞ்சா. அன்னிக்கி வர்ற வழியெல்லாம் அதே தான் யோசிச்சிகினு வந்தேன். இவ எதுல எறக்குவான்னு. நீயோ பின் சீட்டுல சுருண்டு கெடக்கற. உம்மேல எறங்குனா நீ தாங்க மாட்ட. வண்டின்னா எத்தினி திட்டு வாங்கனாலும் நின்ன எடத்துல நிக்கும்.

காவ்யா: வண்டி நிக்கும். நீங்க? புஷ்ஷு கிழிஞ்சி போயிருக்குமே மாமா...

சிவப்பிரகாசம்: கிழிஞ்சது தான். எனக்கும் பேரப்புள்ள தானேம்மா அது. அழுவணும்னா தறியாண்ட போயி நின்னுக்குவேன். அந்த சத்தத்துல தெரியாது.

காவ்யா: ஒரே வூட்ல இருந்துகினு... ரெண்டு பேருக்கும் தெரிஞ்சி, ரெண்டு பேரும் வாய மூடிகினு...

சிவப்பிரகாசம்: உனக்கும் சொல்லியிருப்பாங்கன்னு எனக்கு தெரியாது. சொல்லலன்னா நானா ஏன் உன் நெஞ்ச கிளறணும்னு வுட்டுட்டேன். கண்ண தொட, உங்க அத்த பாத்தா என்ன தான் புடிப்பா. இப்ப ஆர்ம மாட்டலாம், டார்ச்ச எடு.

காவ்யா: இந்தாங்க... அத்தகிட்ட நான் சொல்லிடறேன் மாமா. நானே சொல்றேன்.

சிவப்பிரகாசம்: சொல்லு. பக்கத்துல நான் நிக்கறேன். ஆனா இன்னிக்கி வேணாம்.

காவ்யா: நாளைக்கி தான் தேசூர்காரங்க வந்துடுவாங்களே.

சிவப்பிரகாசம்: தேசூர்ல எனக்கு யாரும்மா கீறாங்க? விக்கறேன்னு சொல்லலன்னா இந்த தார்ப்பாய தொடவே வுட்டிருக்க மாட்டா உங்க அத்த.

காவ்யா: அடப்பாவி மாமா! அப்ப அப்பன் புள்ளன்னு சொன்னதெல்லாம்?

சிவப்பிரகாசம்: நீ போலீஸ் மாதிரி கேட்டா நான் இன்னா பண்ணுவேன்? வாயில வந்தத சொன்னேன்.

காவ்யா: அப்ப இத்தினி வேலை எதுக்கு? யாருக்கு?

சிவப்பிரகாசம்: திங்கக்கெழம வேலூர்ல ஃப்ரெண்ட பாக்கப் போறேன்னியே. அகல்யாவோ யாரோ... பஸ்ல போறேன்னு.

காவ்யா: ஆமா... அகல்யா. அவளுக்கு... உடம்பு சரியில்ல.

சிவப்பிரகாசம்: பஸ்ல நின்னுகினே போவணும். இதுல போலாம். இப்ப பள்ளமே தெரியாது பாரு. போல்ட்ட போட்டுட்டேன்... அந்த நீட்டு ஸ்பேனர குடு, இறுக்கிடறேன்.

காவ்யா: மாமா, மாமா, இருங்க! இப்ப இறுக்கக் கூடாது.

சிவப்பிரகாசம்: ஏன்?

காவ்யா: வீடியோல சொன்னாங்க. சக்கரம் அந்தரத்துல தொங்கிகினு இருக்கும்போது இறுக்குனா, வண்டிய கீழ எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்குமாம். சீக்கிரமே கிழிஞ்சிடும். சக்கரத்த மாட்டி, கீழ எறக்கி, எடை ஏத்தி தான் கடைசியா இறுக்கணும்.

சிவப்பிரகாசம்: அடடா... போன தடவ நான் தொங்க வுட்டு தான் இறுக்கனேன். அதான் ஜல்தில போச்சா! அந்த போன கெணத்துல போட வேணாம் போல கீதே.

காவ்யா: அத்தகிட்ட சொல்லுங்க.

சிவப்பிரகாசம்: சரி... சக்கரம் மாட்டியாச்சி. சக்கரத்துக்கு அடில பலகையும் போட்டாச்சி. தள்ளி நில்லு, ஜாக்கிய எறக்கறேன்... எறங்குது... அவ்ளோ தான். இப்ப நான் கைய வுட்டு இறுக்கிடுவேன். நீ முன் சீட்டுல ஏறி உக்காரு.

காவ்யா: அரிசி மூட்டை எதுனா கொண்டாரட்டுமா? நான் ஒருத்தி உக்காந்தா எடை போதுமா மாமா?

சிவப்பிரகாசம்: மூட்டைய தொடாத. ஒருத்தியாம், ஒருத்தி... ரெண்டு பேரும் பாத்து, மெதுவா ஏறி உக்காருங்கம்மா.