கேப்டன் கேட்ட கயிறு

— ஜெனரேட்டர் இந்த கேட்டத் தாண்டாதுங்க, கேப்டன் சார்.

— ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் தம்பி. நாளைக்கு என் தங்கச்சி மக ஷிஃபாவுக்கு நிக்காஹ். எங்க அய்யம்பேட்டை கரண்டப் பத்தித் தெரியாதா? பிரியாணிக்கு தம் போடுற நேரம் பாத்துத்தான் போவும்.

— வாடகைக்குக் கெடைக்குமே சார்.

— வாடகைக்கு எடுக்கறவன் உன் கடைக்கு ஏன் வர்றான்?

— இது கடை இல்ல, டிப்போ. நம்ம டெரிடோரியல் ஆர்மியில நீங்க வருஷத்துக்கு ரெண்டு மாசம் கேப்டன், மிச்ச மாசம் இரும்புக்கடை முதலாளி. நான் வருஷம் முச்சூடும் ஹவில்தார் இளவழகன். முழுநேர ஆளு. இந்த டிப்போவுக்குக் காவலு. அவ்ளோதான்.

— முழுநேரமும் மொறைச்சுக்கிட்டேதான் நிப்பியா? சரி, ஜெனரேட்டர் வேணாம். ஒரு தார்ப்பாய். ஐப்பசி மழைக்கு அடுப்பு நனையக் கூடாதுல்ல?

— தார்ப்பாயும் தாண்டாது.

— உன் மேற்பார்வை அதிகாரி கேக்கறேன்டா!

— அதான் சார் வினையே. மேற்பார்வை பாக்கறவரு சொந்த வேலைக்குக் கேக்கவே கூடாது. ரூல். அதுலயும், ஜெனரேட்டர் கடன் கேக்க முழு யூனிஃபார்ம்ல வந்த மொத ஆளு நீங்கதான்.

— உடுப்பப் பாத்தா பயப்படுவேன்னு பாத்தேன்.

— கையில டிபன் கேரியரு வேற. அதுக்கும் பயப்படணுமா?

— அது என் வீட்டுக்காரி லத்தீஃபா குடுத்து விட்டது. வழியில பசிக்குமாம். சரி, உன் போன் எத்தன தடவ அடிக்குது பாரு, எடு.

— டூட்டியில எடுக்க மாட்டேன்.

— மேலதிகாரி சொல்றேன், எடு. ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ... இசைவாணி, சொல்லும்மா.

— எங்கண்ணே இருக்க? சாமிமலையில எல்லாரும் வந்தாச்சு. புள்ளைக்கு மொட்ட அடிச்சு சந்தனமும் பூசியாச்சு. காது குத்தற பத்தர் ஊசியும் கையுமா உக்காந்திருக்காரு. மடிதான் இல்ல!

— லீவு லெட்டருக்கு மேலிடத்துலேர்ந்து பதிலே வரலம்மா. வேற யாரு மடியிலயாச்சும்...

— வேற யாரு? தாய்மாமன் நீ ஒருத்தன். உனக்குப் பதிலா அவங்க பெரியப்பா மவன் உக்காரட்டுமான்னு எங்க மாமியா இப்பவே கேக்கறாங்க. அவரு மடியில வெச்சுக் குத்தினா காலம் பூரா என்னைச் சொல்லிக் காட்டுவாங்கண்ணே. முகூர்த்தம் முடியறதுக்குள்ள வந்துடு. வைக்கிறேன்.

— பாத்தியா இளவழகா! நேத்தே சொன்னேன், போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்னு. பாபநாசத்துலேர்ந்து சாமிமலைக்கு பைக்குல ஒரு அழுத்து அழுத்தினா போச்சு.

— உங்க சலுகையே வேணாம் சார். போன பொங்கலுக்கு அரை மணி விட்டீங்க. மறுநாளே உங்க கடை சிமெண்ட் மூட்டைய எறக்க நம்ம ஜவான்கள அனுப்பச் சொன்னீங்க.

— கேட்டேன். நீதான் அனுப்பலியே!

— அதுக்கப்புறம் எத்தன நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க? இன்னைக்கி மடிக்கு விட்டீங்கன்னா நாளைக்கி ஜெனரேட்டரு உங்க வீட்டு வாசல்ல நிக்கும். ஆள விடுங்க.

— சரிப்பா, என் கடைசி விலை. ஒரு கயிறு. பந்தல்ல சீரியல் லைட்டு கட்ட. கயிறுகூட இல்லேன்னா நீ மனுசனே இல்ல.

— ...கயிறா சார்?

— கயிறுதான். என்ன யோசனை?

— குடுக்கறதா இல்லையான்னு சொல்ல நான் யாரு சார்? டிப்போ பொறுப்பு யார் கையில இருக்கோ அவருதான் முடிவு பண்ணணும்.

— நான்தானே உனக்கு மேல?

— மேற்பார்வை வேற, பொறுப்பு வேற. மேற்பார்வைன்னா பாக்கலாம், கேக்கலாம், திட்டலாம். பொறுப்புன்னா சாவி வேணும். நீங்க இப்ப டூட்டியில இருக்கீங்க, யூனிஃபார்மும் போட்டிருக்கீங்க. சாவிய வாங்கிக்கிட்டு 'பொறுப்பு எடுத்துக்கிட்டேன்'னு வாயால சொன்னாப் போதும். கயிறு என்ன, ஜெனரேட்டரப் பத்தியே நீங்கதான் யோசிக்கணும்.

— இவ்ளோ சுலபமா? கொண்டா சாவிய. பொறுப்பு எடுத்துக்கிட்டேன்.

— சத்தமா சார். கேட்டுல நிக்கற சென்ட்ரி ஜெக்கரியாவுக்கும் கேக்கணும்.

— பொறுப்பு எடுத்துக்கிட்டேன்! போதுமா? இப்ப கயித்த எடு.

— ஜெய் ஹிந்த் சார். பொறுப்புல இருக்கறவரு டிப்போ சாமான சொந்தத்துக்கு எடுக்கக் கூடாது. ரூல்.

— அடப்பாவி!

— இன்னொண்ணு. பொறுப்பு எடுத்தவரு, மாத்து ஆள் நேர்ல வந்து சாவி வாங்கற வரைக்கும் இந்த எடத்த விட்டு நகரக் கூடாது. மாத்து ஆள் நான்தான். சாயங்காலம் வந்துடுவேன்.

— டேய், நாளைக்கு நிக்காஹ்! பந்தல்காரன் வருவான், ஆட்டுக்காரன் வருவான்...

— லீவு நீங்க குடுக்கல, நானும் எடுக்கல. முறைப்படி பொறுப்ப ஒப்படைச்சிருக்கேன். சலுகை கணக்குல ஏத்திடாதீங்க சார்!

— வியாபாரக் குடும்பத்துல பொறந்தவனையே மடக்கிட்டியே. நல்லா இருப்படா!

— எல்லாம் உங்ககிட்ட பேரம் பேசிப் பழகினதுதான் சார். வரட்டுமா?

— போ, போ. பைக்க மெதுவா ஓட்டு. புள்ள அழுதா கைய இறுக்கிப் புடிச்சுக்க... ஜெக்கரியா, கேட்ட சாத்துப்பா. அந்த டிபன் கேரியர நிழல்ல வை... ஹலோ, லத்தீஃபா?

— என்னங்க, அந்தத் தம்பி கெளம்பிட்டாரா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, நேத்தே வந்து எறங்கின வாடகை ஜெனரேட்டர இப்பத்தான் ஓட்டிப் பாக்கறாங்க, ஒண்ணுமே காதுல விழ மாட்டேங்குது!