தறி பார்த்த கையெழுத்து

— கதவ சாத்துக்கா மொதல்ல. டீக்கடையாண்ட நாலு பேரு என்னையே பாத்துக்கினு நிக்கறானுங்க.

— பாக்கத்தான் பாப்பாங்க. காலையிலேருந்து பிள்ளையார்பாளையம் பூரா இதே பேச்சுதான். உக்காரு ஜெயா. தண்ணி குடி. மூஞ்சியெல்லாம் எப்படி வேர்த்துக் கெடக்குது பாரு.

— தண்ணியெல்லாம் வேணாம். போன்ல இன்னா சொன்ன? அமலாக்கத்துறைக்காரங்க எத்தினி மணிக்கு வர்றாங்க?

— நாலு மணிக்கு.

— இப்ப மூணேகால். சரி, டைம் இருக்குது. மாமா எங்க? தறி சத்தமே காணோம்?

— சர்வதீர்த்தக் குளத்துல முழுக்கு போடப் போயிருக்காரு. ஏன்டா, இன்னிக்கு என்னா நாளுன்னு தெரியுமா உனக்கு?

— தெரியாம இன்னா? செவ்வாக்கெழம. எங்க நகரச் செயலாளர் தர்மன் அண்ணன விடிகாலையில லுங்கியோட வண்டியில ஏத்திக்கினு போன நாளு. பொருளாளர் பழனியயும் தூக்கிட்டாங்க. கமிட்டியில மிஞ்சினது நான் ஒருத்தன்தான்.

— அது கெடக்கட்டும். கட்சி என்னா சொல்லுது?

— கட்சியா! போன ஞாயித்துக்கெழம வரைக்கும் அண்ணன் வூட்டுல கறிசோறு தின்ன மாவட்டச் செயலாளரு, மத்தியானம் டிவியில பேசறாரு. தர்மன்னு ஒருத்தர் எங்க கட்சியில அடிப்படை உறுப்பினரே கெடயாதாம். மூங்கில் மண்டபத்தாண்ட பேனர்ல அண்ணன் மூஞ்சிய மட்டும் பிளேடு போட்டு அறுத்து எடுத்துட்டானுங்க. பக்கத்துல என் மூஞ்சி அப்படியே நிக்குது.

— அறுக்கற அளவுக்கு நீ பெரியாளு இல்லன்னு வுட்டிருப்பாங்க.

— வெளயாடாதக்கா. நல்லா கேட்டுக்க. வந்தவங்க மாகறல் கிராமத்து தறிங்க பில்லுங்கள நீட்டுவாங்க. பன்னெண்டு தறி, மூணு வருஷம். நீ ஒரே வார்த்த சொல்லு. தறிங்க இருந்திச்சு, பொடவைங்க நெசவாளர் சங்கத்துக்கு வந்திச்சு, எழுத்தர்ன்ற மொறையில நான் பில்லு எழுதனேன். அவ்ளோதான். மத்தத வக்கீல் பாத்துப்பாரு.

— இல்லாத தறிய இருந்திச்சுன்னு சொல்லணும்.

— ஊர் ஒலகத்துல யாரும் பண்ணாததா?

— ஊர் கத வேணாம்டா. நம்ம கதைய சொல்றேன் கேளு. பாலாத்து மணல்ல அடிச்ச காச, பட்டுப்பொடவை வித்த காசுன்னு சங்கத்துல கட்டனீங்க. அதையே மாகறல்ல நெய்யற கூலின்னு உங்க ஆளுங்க பேர்ல திருப்பி எடுத்தீங்க. நடுவுல, நெய்யாத பொடவைக்கெல்லாம் பில்லு எழுதனது நானு.

— மெதுவா பேசு.

— மூணு வருஷமா மெதுவாத்தான் பேசனேன். எழுத மாட்டேன்னு சொன்னதுக்கு தர்மன் என்னா செஞ்சான்? சங்கத்துல சொல்லி, உன் மாமா தறிக்கு பாவு நூல் குடுக்கறத நிறுத்தனான். ரெண்டு மாசம் வூட்டுல வேல இல்ல. தறிக்குழியில பூனை குட்டி போட்டுது. நீ வந்து பாத்துட்டு என்னா சொன்ன? "எழுதிட்டுப் போயேன்க்கா, பேனாதானே தேயுது"ன்ன.

— இப்ப எதுக்கு அதையெல்லாம் தோண்டற? ஞாயமா ஒண்ணு சொல்றேன். நீ இல்லன்னு சொன்னா மொதல்ல மாட்டறது யாரு? பில்லு பூரா உன் எழுத்து. பூவிழி காலேஜுல படிக்கறா. நாளைக்கு அவள பொண்ணு பாக்க வர்றவன், அம்மா எந்த ஜெயில்லன்னு கேப்பான்.

— மெரட்டறியா?

— ஐயோ, மெரட்டலக்கா, கெஞ்சறேன்! கவுன்சிலர் சீட்டுக்கு ஆறு வருஷமா நாயா அலைஞ்சேன், அது போச்சு. போவட்டும். என்னையும் உள்ள தள்ளிட்டா என் புள்ளைங்க நடுத்தெருவுலதான் நிக்கும். உன் கால்ல வேணா வுழறேன்.

— எழுந்திரு. எழுந்திருடா. உன்ன ஏன் உள்ள தள்றாங்க? நீ என்னா எழுதன?

— நான் எங்க எழுதனேன்? சங்கத்து டைரக்டர்ன்ற மொறையில பில்லுக்குப் பின்னாடி ஒரு சான்று. "மேற்படி தேதியில் நேரில் சென்று பார்த்தேன், தறிகள் ஓடிக்கொண்டிருந்தன." அச்சடிச்சே இருக்கும். அடியில என் கையெழுத்து.

— மாகறலுக்கு ஒரு தடவையாவது போனியா?

— கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போயிருக்கேன்.

— கையெழுத்து போடறப்ப படிச்சாவது பாத்தியா?

— யாரு படிக்கறா? அண்ணன் சுமோ மேல கட்டா வெப்பாரு, நான் மடமடன்னு போட்டுட்டு வண்டியில ஏறுவேன்.

— தேதிய கூட பாக்கல?

— தேதியில இன்னா இருக்குது? நீதானே போட்ட! சரி, இத புடி. வக்கீல் எழுதிக் குடுத்த பேப்பர். நான் சொன்னதெல்லாம் இதுல இருக்குது, ஒரு கையெழுத்து போடு. இரு இரு, ராகு காலம் பாத்துடலாம்... காலண்டர் எங்கக்கா?

— செவ்வாக்கெழம மூணுலேருந்து நாலரை ராகு காலம். இதுக்கு காலண்டர் எதுக்கு?

— இல்ல, இந்த ஆணியில மூணு நாலு வருஷத்து காலண்டர் ஒண்ணு மேல ஒண்ணா தொங்குமே. ஆணி மொட்டையா நிக்குது?

— குடுத்துட்டேன்.

— யாருக்கு?

— காலையில பத்து மணிக்கு அவங்க வந்தாங்க.

— யாரு? நாலு மணிக்குன்னு சொன்னியே!

— நாலு மணிக்கு மறுபடியும் வருவாங்க. காலையில வந்தது ஒரு பொம்பள அதிகாரி, கூட ரெண்டு பேரு. தறி எப்படி ஓடும்னு எங்களுக்குத் தெரியாது, ஓட்டிக் காட்டுங்கன்னாங்க. மாமா கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கங்கம்மா, இன்னிக்கு அமாவாசை. அமாவாசைக்கு இந்த சுத்துப்பட்டுல எந்த நெசவாளியும் தறிக்குழியில கால் வெக்க மாட்டான்"னாரு.

— அமாவாசையா இன்னிக்கு?

— நீ நெசவுக்காரன் வூட்டுல பொறந்தவன்டா! சின்ன வயசுல அமாவாசையன்னிக்கு தறியில ஓடற நாடாவ எடுத்து வெளயாடனன்னு அப்பா உன் முதுகுத் தோல உரிச்சாரே, அது கூடவா மறந்துபோச்சு?

— அதுக்கும் பில்லுக்கும் இன்னாக்கா சம்பந்தம்?

— தேதிய நீயே ஏதாவது போட்டுக்கன்னு தர்மன் சொன்னான். நான் காலண்டரப் பாத்துப் பாத்துப் போட்டேன். மாசத்துக்கு ஒரு கட்டு, மூணு வருஷம், முப்பத்தாறு கட்டு. முப்பத்தாறும் அமாவாசை.

— அடிப்பாவி! கூடப் பொறந்தவனையே குழி தோண்டி...

— வாய மூடு. அது உனக்கு வெட்டன குழி இல்லடா. மொத கட்டுலயே நீ பாப்பேன்னு நெனச்சேன். இன்னாக்கா இது, அமாவாசைக்கு எவன் தறி ஓட்டுவான்னு எங்கிட்ட ஓடி வருவ, கையெழுத்து போட மாட்டேன்னு அவன் எதுர்ல நிப்ப, உன் பின்னாடியே நானும் நின்னுடலாம்னு இருந்தேன். ஒவ்வொரு மாசமும் கட்டு திரும்பி வரும். திருப்பிப் பாப்பேன். உன் கையெழுத்து இருக்கும். அன்னிக்கு எனக்கு சோறு எறங்காது.

— அந்தம்மாகிட்ட என் பேர சொல்லிட்டியா?

— நான் சொல்ல வேண்டிய வேலையே இல்ல. காலண்டர மடியில போட்டுக்கினு ஒவ்வொரு பில்லா ஒத்துப் பாத்தாங்க. ஆறாவது பில்லுல சிரிச்சாங்க. அப்புறம் பின்னாடி திருப்பிப் பாத்துட்டு, "அமாவாசையன்னிக்கு தறி ஓடறத முப்பத்தாறு தடவ நேர்ல பாத்த இந்த ஜெயக்குமார் யாரு"ன்னாங்க. என் தம்பின்னு சொன்னேன். அழுதுட்டேன்.

— வழிய வுடுக்கா. என் வண்டி சாவி எங்க? இப்பதானே இங்க வெச்சேன்?

— எங்கடா ஓடுவ? ராத்திரி உன் வூட்டுக்கு வந்து புள்ளைங்க எதுர்ல லுங்கியோட இழுத்துக்கினு போறதுக்கா? தானா வந்து உள்ளத சொன்னா வேற மாதிரின்னு அந்தம்மா சொல்லிச்சு. என் பங்க நான் எழுதிக் குடுத்துட்டேன். எனக்கு வர்றது வரட்டும். சாவி என் இடுப்புல இருக்குது. போய் மொகத்த கழுவிக்கினு வா. நாலு மணிக்கு அவங்க வர்றது என்னைப் பாக்க இல்ல, ஜெயா.