நான்காம் கிடங்கின் மணி

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, என்னைப் பேசவும் அழைத்துவிட்டு, கைக்கடிகாரத்தை ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டிருக்கும் தமிழ் மன்றத் தலைவர் ஐயா பாலசுப்பிரமணியம் அவர்களே! அக்கரைச் சாத்தாமிலிருந்து அலை கடந்து வந்து அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே! மரத்தூள் உதறவும் நேரமின்றி மில்லிலிருந்து நேராக வந்து நிற்கும் நீலத்திரை மரக் கம்பெனித் தோழர்களே! மடியில் மகவும் கையில் குடையுமாக மழைக்கு அஞ்சாமல் வந்திருக்கும் மாண்புமிகு தாய்மார்களே! எல்லாருக்கும் மேலாக, முதல் வரிசையில் முகம் தாழ்த்தி அமர்ந்திருக்கும், மறைந்த ராஜமாணிக்கத்தின் துணைவியார் மங்கையர்க்கரசி அம்மையார் அவர்களே! உங்கள் பன்னீர்செல்வத்தின் பணிவான வணக்கம்.

கைதட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இன்றைக்கு மட்டும் கைதட்டாதீர்கள்.

ஓராண்டு ஓடிவிட்டது. சென்ற ஆண்டு இதே அக்டோபரில், இதே போன்றதொரு சனிக்கிழமை மாலையில், உப்பங்கழி ஓரத்து நான்காம் கிடங்கில், நீரில் மிதந்த பெருமரங்களுக்கு நடுவே நம் ராஜமாணிக்கம் நசுங்கி மாண்டார். வாட்டசாட்டமான மனிதர். வாய் நிறையச் சிரிக்கும் மனிதர். அவர் ஏன் மாண்டார்? விதியா? வெள்ளமா? வேலியாகக் கட்டிய சங்கிலி அறுந்ததாலா? இல்லை, நீங்களெல்லாரும் ஓராண்டாகச் சொல்லிவருவது போல, இணைப்பு அறையில் இருக்க வேண்டிய நாகமுத்து இல்லாமல் போனதாலா?

"ஆமாம்" என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தத் தோழரே, உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். கடைசி வரை இருங்கள், எழுந்து போய்விடாதீர்கள்.

உங்களில் பலர் அந்த இணைப்பு அறைக்குள் வந்ததில்லை. கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த இயந்திரம் அங்கே இருக்கிறது. கம்பெனியின் ஆறு மரக் கிடங்குகளிலிருந்தும் ஆறு கம்பிகள் அதற்குள் வந்து சேர்கின்றன. எந்தக் கிடங்கின் ஆபத்து மணி எந்த இடத்தில் ஒலிக்க வேண்டும் என்பதை அந்த இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? அதன் முன்னே ஒரு தட்டச்சுப் பலகை. அதில் ஒரே ஒரு வரி அடிக்க வேண்டும். 'நான்கு, ஜெட்டி, சேர்.' அவ்வளவுதான்! அடுக்குமொழி வேண்டாம், அலங்காரம் வேண்டாம், அவர்களே இவர்களே வேண்டாம். நான்காம் கிடங்கின் மணி உடனே படகுத்துறை ஜெட்டியில் ஒலிக்கும். ஓர் எழுத்துப் பிசகினாலும் 'புரியவில்லை' என்று காகிதத்தில் அச்சடித்துத் துப்பிவிடும்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான்.

ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. தட்டச்சில் அடித்த வரி, மின்சாரம் ஓடும் வரைக்கும்தான் அதன் நினைவில் நிற்கும். டீசல் எஞ்சின் ஒரு நிமிடம் நின்று மறுபடி ஓடினால் அது அத்தனையையும் மறந்துவிடும். பிறகு பக்கத்தில் மாட்டியிருக்கும் காகித நாடாவைப் படித்து, அதில் துளை போட்டுப் பதிந்திருப்பதை மட்டும் மறுபடி செய்யும். ஆகவே மாற்றம் நிலைக்க வேண்டுமா? நாடாவில் துளையிட வேண்டும். அந்தத் துளைக்கருவிக்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரே ஒரு சாவி, அந்தச் சாவி மேற்பார்வையாளரிடம். அந்த மேற்பார்வையாளர் யார்? உங்கள் முன்னே மாலையும் கழுத்துமாக நிற்கிறானே, இவன்தான்.

சனிக்கிழமை பகலோடு மில் ஆபீஸ் பூட்டப்படும். மற்ற நாளெல்லாம் நான்காம் கிடங்கின் மணி அந்த ஆபீசில்தான் ஒலிக்கும். சனிக்கிழமை அதை ஜெட்டிக்கு மாற்றுவது வழக்கம். அங்கே மோட்டார் படகும் ஆட்களும் இருப்பார்கள். அன்றும் நான் சொன்னேன், நாகமுத்து அடித்தார், இயந்திரம் கேட்டுக்கொண்டது. மிச்சமிருந்தது நாடா. துளையிட்டு, சரிபார்த்து, கையெழுத்திட அரை மணி நேரம் ஆகும். எனக்கோ அக்கரைக்கு மூன்று மணி போட். டாலிகஞ்சில் மேடை போட்டுக் காத்திருந்தார்கள். தலைப்பு என்ன தெரியுமா? 'கடமையே கண்.' அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். அடேயப்பா, பாதிப் பேர்!

நாகமுத்து வாசல் வரை ஓடி வந்தார். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் பேச்சு உங்களுக்குத் தெரியும். "சாப், நாடா அடிக்கலியே. சாபியாவது குடுத்துட்டுப் போங்க. எஞ்சின் பந்த் ஆச்சுன்னா நாலு நம்பர் பழையபடி ஆபீசுக்குப் போயிடும், சாப்" என்றார். நான் என்ன சொன்னேன்? "அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்டா, போடா" என்றேன். சாவி என் ஜிப்பாப் பையில் இருந்தது. அதைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மேற்பார்வையாளன் என்ற மிடுக்கு என்னாவது? அந்த அற்ப மிடுக்குக்காகத்தான் கொடுக்கவில்லை.

நாலரைக்கு வந்த போட்டிலும் நான் வரவில்லை. வானம் கறுத்தது. காற்று கூடியது. நாகமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே போட்டில் ஏறி, சாத்தாமில் இறங்கி, டாலிகஞ்சுக்கு பஸ் பிடித்து, என் மேடைக்குக் கீழே வந்து நின்றார். எதற்கு? அந்தச் சாவிக்கு! அவர் அக்கரையில் நின்ற நேரத்தில் இக்கரையில் எண்ணெய் மாற்ற எஞ்சினை நிறுத்தினார்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி ஓட்டினார்கள். இயந்திரம் பழைய நாடாவைப் படித்தது. நான்காம் கிடங்கின் மணி, பூட்டிக் கிடந்த ஆபீசுக்குத் திரும்பிப் போய்விட்டது.

சங்கிலி அறுந்தது. ராஜமாணிக்கம் கம்பத்திலிருந்த ஆபத்து மணியை அழுத்தினார். ஆளில்லாத அறையில் அது அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடப் படகுத் தூரத்தில் ஜெட்டியில் படகோடு நின்ற எட்டுப் பேருக்கும் அது கேட்கவில்லை. உதவி வருகிறது என்று நம்பி மரங்கள் வந்து மோதும் வரை அவர் மரத்தின் மேல் நின்று காத்திருந்தார்.

அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பேசிக்கொண்டிருந்தேன்! கீழே நாகமுத்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். சாவி திருகுவது போல விரலைத் திருகித் திருகிக் காட்டினார். நான் பார்த்தேனா? பார்த்தேன், தாய்மார்களே, நன்றாகவே பார்த்தேன். பேச்சு சூடுபிடித்த நேரத்தில் இடைஞ்சலாக இருக்கிறானே என்று எரிச்சலாக வந்தது. உட்கார் என்று கையைக் காட்டினேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

அமைதி, அமைதி. தோழரே, கல்லைக் கீழே போடுங்கள். இல்லை, கையிலேயே வைத்திருங்கள். ஆனால் முழுதும் கேட்ட பிறகு எறியுங்கள்.

விசாரணை வந்தது. நாகமுத்து நடந்ததை நடந்தபடி சொன்னார். "சாப் கிட்ட சாபி கேக்கத்தான் போனேன்" என்றார். என்னைக் கேட்டார்கள். நான் அவரைப் பார்க்கவே இல்லை என்றேன். சாவியை அன்று இணைப்பு அறை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனேன் என்றேன். அத்தோடு விட்டேனா? பொறுப்பு பற்றி, ஒழுங்கு பற்றி, உயிரின் விலை பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினேன். விசாரணை அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொறுப்பிடத்தை விட்டு ஓடியவர் என்று நாகமுத்துவை வேலையை விட்டு நீக்கினார்கள். நீங்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினீர்கள். குழாயடியில் அவர் மனைவி கமலாட்சிக்கு வழிவிடாமல் நின்றீர்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த நாவலனின் சொல்லை நம்பினீர்கள். தீவில் பிறந்த லோக்கல் ஆளின் சொல்லை நம்பவில்லை. நான் பொய் சொன்னேன். அதை அழகாகச் சொன்னேன். ஓராண்டாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காக நீங்கள் என் மேல் இரக்கப்பட வேண்டாம்.

வரும் செவ்வாய்க்கிழமை கப்பலில் நாகமுத்துவின் குடும்பம் புறப்படுகிறது. எங்கே? ஒரு நாளும் பார்த்திராத, ஓர் உறவும் இல்லாத மெயின்லேண்டுக்கு! மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் கிடந்தவர்களை நான் ஒருவன் துரத்தியிருக்கிறேன். அதோ, கடைசியில், தகரக் கொட்டகையின் ஓரத்தில் நாகமுத்துவும் அவர் மனைவியும் நிற்கிறார்கள். கூட்டத்துக்குள் வர யாரும் இடம் கொடுக்கவில்லை. ஆகவே அறைகூவிச் சொல்கிறேன், அத்தனை பேரும் அறியச் சொல்கிறேன்: குற்றவாளி நாகமுத்து அல்ல! குற்றவாளி நான்! குற்றவாளி நான்!

என்னம்மா? கமலாட்சி அம்மையார் ஏதோ சொல்கிறார். அமைதியாக இருங்கள், அவர் சொல்வது காதில் விழட்டும்.

"பேசிட்டீங்க சாப். நல்லாத்தான் பேசினீங்க. எழுதிக் குடுப்பீங்களா?"

கேட்டீர்களா? அன்றைக்குப் போலவே இன்றைக்கும் வாயை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவரத் தோன்றவில்லை எனக்கு. செவ்வாய்க்கிழமை வரும்போது இந்தப் பேச்சில் என்ன மிஞ்சும்? பேச்சு நன்றாயிருந்தது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். அவர்கள் கப்பல் ஏறுவார்கள்.

தலைவர் அவர்களே, பேனாவைக் கொடுங்கள். மன்றத்தின் தாள் ஒன்றும் கொடுங்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், எழுதி முடித்துவிடுகிறேன்.

எழுதிவிட்டேன். படிக்கிறேன். 'நான்காம் கிடங்கின் மாற்றத்தை நாடாவில் பதியாமல் போனவன் நான். சாவி என்னிடம் இருந்தது. நாகமுத்து அதைக் கேட்டு வந்தார்; நான் பார்த்தும் கொடுக்கவில்லை; விசாரணையில் பொய் சொன்னேன். பன்னீர்செல்வம், மேற்பார்வையாளர்.' திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் இதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கம்பெனி அவரைத் திரும்ப எடுக்குமா, எனக்குத் தெரியாது. என்னை என்ன செய்யும் என்றும் தெரியாது.

கமலாட்சி அம்மையார் மறுபடி கேட்கிறார். "சாட்சிக் கையெழுத்து யாரு போடுவாங்க, சாப்?"

ஏன் எல்லாரும் தரையைப் பார்க்கிறீர்கள்? ஐயா, நீங்கள்? தோழரே, 'ஆமாம்' என்று முதலில் குரல் கொடுத்தவரே, நீங்கள்? கம்பெனி வேலை போய்விடும் என்ற பயமா? ஒருவர்கூடவா இல்லை?

வழிவிடுங்கள். வழிவிடுங்கள் அங்கே. மங்கையர்க்கரசி அம்மையார் எழுந்திருக்கிறார். மேடைக்கு வருகிறார். அம்மா, படியில் பார்த்து. என்னை அவர் பார்க்கவில்லை. பேனாவுக்குக் கை நீட்டுகிறார்.

போட்டுவிட்டார். ராஜமாணிக்கத்தின் மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தாளில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. வருபவர்கள் வரிசையில் வாருங்கள். கொட்டகை ஓரத்தில் நிற்பவர்களுக்கு முன்வரிசையில் இரண்டு நாற்காலி ஒழித்துக் கொடுங்கள். இந்த மேடையை எனக்குத் தந்த மன்றத்துக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. நாகமுத்துவிடம் நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வணக்கம்.