செம்பு தின்னுற தண்ணி

ராஜ்மோகன்: ஐயையோ, பூங்கோதை! வாஷ்பேசின்ல என்னத்தப் போட்ட?

பூங்கோதை: செம்பத்தான். அந்தப் புளித்தண்ணி வீணாப் போவுதேன்னு...

ராஜ்மோகன்: புளித்தண்ணியா! அது செம்பத் தின்னுற மருந்துடி!

பூங்கோதை: நம்ம வூட்டுச் செம்பயா?

ராஜ்மோகன்: செம்புன்னா... தாமிரம்! என் சர்க்யூட் போர்டு ஊறுது அதுல. தொட்டி ரொம்புனா மோட்டார நிறுத்துற சிப்பு இருக்குதுல்ல, அதுக்கு. கோடு வரைஞ்ச எடம் நிக்கும், மிச்சச் செம்பு கரைஞ்சுடும்.

பூங்கோதை: கோடு எதால வரைஞ்சீங்க?

ராஜ்மோகன்: அது... உன் நெயில் பாலீஷ்.

பூங்கோதை: அதான பாத்தேன்! பேசினு கம்பெனியில கழிச்சுப் போட்டது, பாலீஷு என்னுது...

ராஜ்மோகன்: பேசாம மரக்கரண்டிய எடு! போர்டு மேலயே ஒக்காந்திருக்குது பாரு!

பூங்கோதை: போர்டு போர்டுன்னு... ஒங்க அக்கா பேரு போச்சேன்னு ஒரு வார்த்த வருதா? 'ராஜாம்பாள்'னு அத்தை வெட்டி வச்ச செம்பு. இன்னிக்கு கருவேப்பிலங்குறிச்சியிலருந்து வராங்க. அத்தையோட செம்ப எடுத்துட்டுப் போவத்தான் வருவாங்க.

ராஜ்மோகன்: ம்... போனா போவுது, வுடு.

பூங்கோதை: வுடுன்னா எப்பிடி?

ராஜ்மோகன்: இரு, கழுவிட்டேன். அக்கா பேரு சுத்தமா அழிஞ்சுபோச்சு. ஆனா... இன்னாது இது? பூ... ங்... கோ...

பூங்கோதை: பழைய எழுத்தா இருக்கும்.

ராஜ்மோகன்: பழைய எழுத்து ரோஸ் கலர்லயா இருக்கும்?

பூங்கோதை: இங்க குடுங்க அத!

ராஜ்மோகன்: புளித்தண்ணின்னு நெனச்சவ, நெயில் பாலீஷ்ல பேரு எழுதிட்டா போடுவா?

பூங்கோதை: ஆமா, எழுதுனேன்! ஒங்க கம்பெனி நடராசன் அண்ணன்கிட்ட காலையில போன்ல வெளக்குனீங்கல்ல, பாலீஷ் தடவுன எடம் கரையாதுன்னு... கேட்டுட்டுத்தான் எழுதுனேன்! பதினாலு வருசமா நான் தேய்ச்ச செம்புங்க. அத்தை கடைசியா தண்ணி குடிச்சுட்டு என் கையிலதான் குடுத்தாங்க. பேரு மட்டும் ஒங்க அக்காவோடதா? குடுக்க எனக்கு மனசு வரலிங்க.

ராஜ்மோகன்: அழாத...

பூங்கோதை: இப்ப வந்து கேட்டா என்ன சொல்ல?

ராஜ்மோகன்: கேக்க மாட்டாங்க.

பூங்கோதை: அதெப்பிடி?

ராஜ்மோகன்: கோச்சுக்கக் கூடாது...

பூங்கோதை: சொல்லுங்க மொதல்ல.

ராஜ்மோகன்: அம்மா செம்ப அக்கா பொங்கலுக்கு வந்தப்பவே பைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீ அழுவியேன்னு, நான்தான் மங்கலம்பேட்டையில இத வாங்கி, அக்கா பேர வெட்டி, அதே எடத்துல வச்சேன்.