நான்கு காரணமும் ஒன்றும்

பெரம்பலூர்–அரியலூர் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவன், அடிபட்டு வந்த தங்கையைப் புருஷன் வீட்டில் விட அழைத்துப் போனான்.

“மாப்ள குடிச்சுட்டுத்தான அடிச்சாரு.”

“ஏன் குடிச்சாராம்?”

“பருத்தி காஞ்சுபோச்சு.”

“அது ஏன் காஞ்சுது?”

“கெணறு வத்திருச்சு. மழ பேயல.”

“அப்ப என்னைய அடிச்சது மழையாண்ணே?”

ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் துக்கத்துக்குப் புத்தர் எண்ணிய காரணங்கள் பன்னிரண்டு. இவன் சொன்னது நான்கு.

“இதுல ஒண்ணு இல்லன்னாலும் அடி இல்ல, அப்படித்தான?”

“அதான் சொல்றேன். மழ பேஞ்சா சரியாப்போயிடும்.”

“ஒண்ண வுட்டுட்ட. அந்த வூட்டுல நான் இருந்தாத்தானண்ணே அடி வுழும்?”

அரியலூருக்கு இன்னும் ஏழு நிறுத்தம் இருக்கையில் அவள் இறங்கினாள். பின்னாலேயே அண்ணனும் இறங்கினான், அரியலூர் வரை எடுத்த இரண்டு டிக்கெட்டையும் கையில் பிடித்தபடி.