காதில் விழாத விளையாட்டு

உங்கள் அலுவலகக் காபி நன்றாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் ரெனாட்டா போடும் காபியை வாயில் வைக்க முடியாது. ரெனாட்டா என்னோடு அதே ஃபெலோஷிப்பில், அதாவது உதவித்தொகை வாங்கி ஆராய்ச்சி செய்யும் பணியில், இருப்பவள். என்னைப் பற்றி உங்களிடம் முதலில் புகார் சொன்னதும் அவளாகத்தான் இருக்கும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த வருடம் எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் இடம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை இதுதான். பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஆட்டிசம் உள்ள மூன்று பேரும் மற்றக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். காலையில் பாடம் நடத்துவேன், மதியம் ஆராய்ச்சி. ஆட்டிசம் உள்ள குழந்தை பக்கத்துக் குழந்தையிடம் வாய்விட்டுக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு முன் சில வாரம் எதையும் சொல்லித் தராமல் வெறுமனே கவனிக்க வேண்டும். அப்போது, குழந்தை எத்தனை முறை கேட்டது என்று குறிக்கும் வரைபடத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். பிறகு நான் கற்பிப்பேன், கோடு எழும். எழுந்தது என்னால்தான் என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

அந்த மூவரில் ஒருவனான எம்மெட் அதைக் கெடுத்தான். நான்கு வயது. சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல் பேசாதவன், கவனிப்பு தொடங்கிய மறுவாரமே சிற்றுண்டி மேசையில் பக்கத்தில் இருந்த வில்லாவின் சட்டைக் கையை இழுத்து, "இன்னும்," என்றான். வில்லா ஒரு வாயாடி. தன் தட்டிலிருந்த ஆப்பிள் துண்டை அவன் கையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல வேளையாக, ஆராய்ச்சிக்குப் பதிவு செய்யும் கேமரா வேறு பக்கம் திரும்பியிருந்தது. மறுநாளும் கேட்டான்.

நீங்களே யோசியுங்கள். நான் கற்பிக்கும் முன்பே அவன் பேசிவிட்டால் நான் எதற்கு? மூவரில் ஒருவன் கழிந்தால் ஆராய்ச்சியே செல்லாது, ஃபெலோஷிப்பும் கையை விட்டுப் போகும். அவன் பேச்சைத் தடுக்க நான் நினைக்கவே இல்லை. கொஞ்சம் தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான்.

அவன் கேட்டால் தட்டை நகர்த்தினேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் கொடுத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை, சட்டென்று பிடித்துக்கொண்டான். மற்றக் குழந்தைகள்தான் தொல்லை, இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அவர்களுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தேன். எம்மெட் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காதவர்களுக்கு நட்சத்திர ஸ்டிக்கர்.

"அவன் பாவம் மிஸ் இங்க்ரிட், கேக்கறானே," என்றாள் வில்லா.

"அவனுக்கும் இது வெளையாட்டுதான் கண்ணு. நீ திரும்பினா அவன் தோத்துடுவான்."

அவனைத் தோற்கவிட அவளுக்கு மனம் வரவில்லை. நல்ல பெண். கோடும் நான் நினைத்தபடி அடங்கியது.

ஒருநாள் கை கழுவும் இடத்தில் ரெனாட்டா என்னை மறித்தாள்.

"எம்மெட் நடுவுல பேசினானே, நானே கேட்டேன். இப்ப ஏன் ஊமையாட்டம் உக்காந்திருக்கான்?"

"குழந்தைங்க அப்படித்தான். ஒரு நாள் பேசும், ஒரு மாசம் பேசாது."

"மத்த புள்ளைங்ககூட அவன் பக்கம் திரும்பறதில்ல. கவனிச்சியா?"

"நீ உன் வேலையைக் கவனி ரெனாட்டா."

அன்றிலிருந்து அவள் கண் என்மேலேயே இருந்தது. இடத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

எம்மெட்டின் அம்மா ஜோலீனும் வாசலில் பிடித்துக்கொண்டாள். "வீட்லயும் கேக்கறத விட்டுட்டான். ஃப்ரிட்ஜ் முன்னாடி போய் நிக்கறான், அவ்ளோதான். நாங்க ஏதாவது தப்பு பண்றோமா?" கவலைப்படாதீர்கள், அடுத்த வாரம் கற்பித்தல் தொடங்குகிறது என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

திங்களன்று தொடங்கினேன். விளையாட்டு முடிந்துவிட்டது என்று சிற்றுண்டி மேசையில் குழந்தைகளிடம் சொன்னேன். மேசையில் மட்டுமா, மற்ற இடங்களிலும் அது முடிந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது என் தவறு. எம்மெட் வாய் திறக்கவில்லை. செவ்வாய், புதனும் அப்படியே போயின. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை ஏரிக் காற்று முகத்தை அறுத்தது. குழந்தைகள் வெளியே விளையாடி முடித்து, கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக உள்ளே வந்தார்கள். கடைசியில் நின்று தலை எண்ணுவது அன்று என் முறை. மேசைக் கேமராவைச் சரிசெய்ய வேண்டியிருந்ததால் நான் முன்னாலேயே வந்துவிட்டேன். வெளியே எம்மெட்டின் பூட்ஸ், குழந்தைகள் தவழ்ந்து விளையாடும் பிளாஸ்டிக் குழாய்க்குள் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்து இழுத்துக் கையுறையும் கழன்றுவிட்டது.

சற்று நேரம் கழித்து வில்லா என்னிடம் வந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"மிஸ் இங்க்ரிட், நான் திரும்பவே இல்ல. அவன் எவ்ளோ கூப்ட்டான் தெரியுமா? ஸ்டிக்கர் குடுங்க."

முதலில் ஸ்டிக்கரைக் கொடுத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் குழந்தைகள் நம்மை நம்ப மாட்டார்கள். பிறகு அவன் என்ன சொல்லிக் கூப்பிட்டான், எங்கிருந்து கூப்பிட்டான் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அதன் பிறகு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

குளிரில் உறைந்துபோன அவன் விரல் நுனிகளைப் பற்றி மருத்துவர்கள் இன்னும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. மருத்துவமனையில் ஜோலீன் என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். நர்ஸிடம் அவன் எதுவுமே கேட்கவில்லையாம், தண்ணீர்கூட. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குழந்தைமேல் எனக்கு இருக்கும் பாசம் ரெனாட்டாவுக்குப் புரியாது.

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் ஆம்தான். தட்டை நகர்த்தியது நான். குழந்தைகளைப் பழக்கியது நான். தலை எண்ணாமல் போனதும், தெரிந்த பிறகு உடனே ஓடாததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. "வில்லா, வா," என்று கூப்பிட்டிருக்கிறான். சக குழந்தையை, பெயர் சொல்லி, யாரும் தூண்டாமல், திரும்பத் திரும்ப. எங்கள் ஆராய்ச்சியில் உள்ள மூன்று குழந்தைகளில் யாரும் இதுவரை எட்டாத உயரம் அது. அதுவும் கற்பித்தல் தொடங்கிய பிறகு. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் வரைபடத்தில் வியாழக்கிழமை காலியாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் சேர்த்துவிடுங்கள்.