யாருடையதுமில்லாத கோப்பை

அன்று மாலை அந்த மேசையில் நான்கு பேர் இருந்தோம். செங்கோடனாகிய நான், என் ஒரே மகள் நந்திதா, அவள் கட்டிக்கொள்வதாக இருந்த ஆல்வின், அவனுடைய அப்பன் மாசாணம். பரிமாறியவர் அழகிரிசாமி. யார் பெயரையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அழகிரிசாமியை மூன்று நாளாக ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் மேல் தப்பில்லை. கேக்கிலும் தப்பில்லை.

கோயம்புத்தூரில் சாயங்கால டீயைச் சாவகாசமாக உட்கார்ந்து குடிக்க அந்த ஹோட்டலைவிட நல்ல இடம் கிடையாது. ரேஸ்கோர்ஸ் மரங்களைப் பார்த்தபடி பிரம்பு நாற்காலிகள். மூன்றடுக்குத் தட்டில் கீழே சாண்ட்விச், நடுவில் கட்லெட், மேலே கேக். டீ தனி, பால் தனி, சர்க்கரை தனி. மில்லுக்குப் பம்பாயிலிருந்து வியாபாரிகள் வந்தால் அங்கேதான் கூட்டிப்போவேன். நீங்களும் ஒரு நாள் குடும்பத்தோடு போய் வாருங்கள்.

எனக்கு வேறு காரணமும் இருந்தது. மாசாணம் முப்பது வருஷம் அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் வேலைக்கு இருந்தவன். அவனுக்கென்று ஓர் அலுமினியத் தம்ளர் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். குடித்துவிட்டு அவனே கழுவி, அவனே செருகுவான். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவன் மகன் படித்து, பம்பு கம்பெனியில் எஞ்சினியர் ஆனான். என் மகளோடு காலேஜில் படித்தவன். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேச என் வீட்டுக்கு வந்தால் என் வீட்டுத் தம்ளரில் அல்லவா கொடுக்க வேண்டும். ஹோட்டல் கோப்பை யாருடையதுமில்லை.

நந்திதா ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தாள். பிறகு இந்தச் சித்திரையில் ஒரு நாள் எதிரே வந்து நின்றாள். வைகாசியில் ரிஜிஸ்தர் கல்யாணம் என்றாள்.

"உங்க சம்மதத்தோட ஆகோணும்னு ஆசைங்கப்பா. இல்லீன்னாலும் ஆகும்."

அது மிரட்டல் இல்லை. நான் பேசுவது போலவே பேசினாள், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து, "சரி அம்மணி, அவுங்களை வரச் சொல்லு. டீ குடிச்சுட்டே பேசிக்கலாம்," என்றேன். அன்றைக்கு அவள் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள் என்று என் மனைவி ராசாத்தாள் சொன்னாள்.

ஹோட்டலில் மாசாணம் உட்காரவில்லை. "நானு நின்னுக்கறனுங்க, பண்ணாடி," என்றான், தோட்டத்தில் என்னைக் கூப்பிட்டு வந்த அதே பழக்கத்தில்.

"நின்னீன்னா உன்னைய பேரர்னு நெனச்சு டீ கேப்பாங்க. உக்காரு."

மாசாணம் சிரித்துக்கொண்டே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ஆல்வின் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அழகிரிசாமி ஊற்ற வந்தார். வேண்டாமென்று கைகாட்டிவிட்டு நானே ஊற்றினேன். நந்திதாவின் கண் நிறைந்துவிட்டது.

"எங்கம்மாளுக்கு ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடுத்தவரில்லீங்க எங்கப்பா," என்று மாசாணத்திடம் சொன்னாள். "இன்னைக்கு மழை வரும் பாருங்க."

ஆல்வினின் கோப்பையில், மில் கிடங்கில் எலிக்கு வாங்கி வைத்திருந்த மருந்து இருந்தது. ருசி தெரியக்கூடாதென்று சர்க்கரை நான்கு கரண்டி. அவன் ஊருக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டிலோ பஸ்ஸிலோ விழுவான், யாரும் என்னை நினைக்கமாட்டார்கள், என் மகள் ஒரு வருஷம் அழுதுவிட்டு எழுந்துகொள்வாள் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு ஒரு குறை வரக்கூடாது என்றுதான் இத்தனையும் செய்தேன்.

அவன் இரண்டு மடக்குக் குடித்துக் கீழே வைத்தான். முகம் கோணியது. "நல்லா இருக்குதுங்க," என்றான் என்னிடம்.

நந்திதா சிரித்தாள். "சக்கரையே இல்லாத குடிக்கற ஆளுங்கப்பா இவரு. உங்களுக்கு எப்படித் தெரியும்." பிறகு அவன் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். "எங்கப்பா மொத மொதல்ல ஊத்திக் குடுத்த டீயிங்க. மிச்சம் வெச்சா அவருக்கு மரியாதை இல்லீங்க. நான் குடிச்சுப்போடறேன்."

எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், இதை யோசிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பிறந்த பெண் ஒருத்தனுடைய எச்சிலை, அதுவும் அவர்களுடைய எச்சிலை, வாயில் வைப்பாள் என்று நான் எப்படி யோசிக்க முடியும்.

மேசையின் அகலம் இரண்டு முழம் இருக்கும். கையை நீட்டித் தட்டிவிட்டிருக்கலாமே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தட்டிவிட்டிருக்கலாம். அவன் வாய் வைத்த இடத்தில் அவள் வாய் வைத்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முதலில் வந்தது அருவருப்பு. பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது. திரும்பிப் பார்த்தபோது கோப்பை காலி.

"பாயசமாட்டம் இருக்குதுங்கப்பா," என்றாள்.

அப்போதும் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம். ஆனால் மாசாணத்தை எதிரே வைத்துக்கொண்டு என்னவென்று சொல்வது. எல்லோரையும் கட்லெட் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் விடிகாலை அவள் போய்விட்டாள். குடித்தது இரண்டே மடக்கு என்பதால் ஆல்வின் பிழைத்துக்கொண்டான். வந்தவர்களிடமெல்லாம் ராசாத்தாள் வயிற்றுவலி என்று சொன்னாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. வக்கீல் வேண்டாம். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதுவரை சொன்னதில் ஓர் இடத்தை மட்டும் மாற்றி எழுதுங்கள். அழகிரிசாமி பார்த்ததாகவும், ஆல்வின் ஆஸ்பத்திரியில் சொன்னதாகவும் ஒரு பேச்சு அவிநாசி வரைக்கும் போய்விட்டது. சாவுக்கு வந்தவர்கள் என் காதுபடவே பேசினார்கள், செங்கோடன் மகள் அவன் குடித்த மிச்சத்தைக் குடித்தாள் என்று. அதற்காகத்தான் நானாக இங்கே வந்தேன். இரண்டு கோப்பையில் மருந்து என்று எழுதினால் பெற்ற மகளையே வேண்டுமென்று கொன்றதாக ஆகும், தண்டனை கூடும் என்கிறீர்கள். கூடட்டும்.

அந்தப் பேச்சு பொய். அவளுக்குத் தனிக் கோப்பை. அதிலும் மருந்தை நானே போட்டேன். என் மகள் யார் எச்சிலையும் குடிக்கவில்லை.